கண்மூடியின் சாப்பாட்டு டப்பா

பணிமனையில் அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வருகைப் பதிவில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளி முதல் டயர் மாற்றுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் கண்மூடி. "கண்மூடி எங்கப்பா, இந்த வண்டி இன்னும் இருமுது பாரு" என்று யாராவது கத்தினால், பழுதாகி நிற்கும் பேருந்துக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே வரும். பிறகு எண்ணெய் அப்பிய ஒரு முகம் வரும். அந்த முகத்தில் கோபம் மட்டும் வராது. அவர் மனைவிக்கு அதுதான் ஆகாது. ஒரு மனுஷனுக்குக் கொஞ்சமாவது ரோஷம் வேண்டாமா என்பது அவள் கட்சி.

பெயர் வந்த கதை சின்னது. மதிய மணி அடித்ததும் எல்லோரும் கை கழுவிவிட்டு ஒரே நீள மேசையில் உட்காருவார்கள். அவர் தன் டப்பாவைத் திறந்து முன்னால் வைத்து, கைகளை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஜெபம் செய்வார். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். கிறிஸ்தவர் என்று அந்தப் பணிமனையில் அவர் ஒருவர்தான். ஊரிலேயே விரல் விட்டு எண்ணிவிடலாம். முதல் நாள் பார்த்தவர்கள் அவருக்கு மயக்கமோ என்று நினைத்தார்கள். விஷயம் புரிந்ததும் கேலி ஆரம்பித்தது. அதில் தலைமை வகித்தவர் வெல்டர். ஆள் ஒல்லி, வாய் நீளம். ஒருநாள் இவர் கண் மூடியிருந்த நேரத்தில், டப்பாவில் சோற்றுக்கு மேல் இருந்த அவித்த முட்டையை எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். இவர் கண்ணைத் திறந்தார். டப்பாவைப் பார்த்தார், எதிரே உப்பியிருந்த கன்னத்தைப் பார்த்தார். "நல்லா வெந்திருக்கா?" என்று கேட்டார். மேசையில் இருந்தவர்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

அன்றிலிருந்து அது ஒரு விளையாட்டாகிப் போனது. கண்மூடி கண்ணை மூடினால் டப்பாவுக்குள் கைகள் போகும். கொஞ்ச நாளில் மற்றவர்களுக்கு அலுத்துவிட்டது. வெல்டருக்கு மட்டும் அலுக்கவில்லை.

வீட்டில் இதை அவர் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வீட்டிலிருந்தே ஒரு கடைக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். ஊசியில் நூல் கோக்கும்போது யாராவது பேசினாலே முறைப்பவள். "உங்க டப்பாவில கை வெக்கிற வரைக்கும் விட்டிருக்கீங்களே, நாளைக்குத் தட்டையே தூக்கிட்டுப் போவாங்க" என்றாள். அவர், "அப்ப இன்னொரு முட்டை சேர்த்து வையேன்" என்றார். பதில் இவ்வளவுதான். தலையில் அடித்துக்கொண்டாள், ஆனாலும் மறுநாளிலிருந்து வைத்தாள். வீட்டுக்காரர் பசியோடு வேலை பார்ப்பதை எந்த மனைவி பொறுப்பாள்?

அவளுக்கு அந்த ஜெபத்தில் பங்கு கிடையாது. கல்யாணமான புதிதில் அவரும் எல்லோரையும் போலத்தான் இருந்தார். மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் மாறினார். வார்டைத் துடைக்க வரும் ஒரு பெண், வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல், யாரென்றே தெரியாத அந்த அம்மாளுக்குத் தலை வாரிவிடுவாள், நகம் வெட்டிவிடுவாள். எதற்காகச் செய்கிறாய் என்று இவர் கேட்டதற்கு, "எனக்கும் ஒருத்தர் செஞ்சிருக்காருங்க" என்றாளாம். அந்த ஒருத்தர் யார் என்று விசாரித்துக்கொண்டே போனவர், ஒரு டயர் கடைக்கு மேலே மாடி அறையில் கூடும் சிறிய சபையில் போய்ச் சேர்ந்தார். போனவர் திரும்பி வரவில்லை. அதாவது ஆள் வந்தார், பழைய ஆள் வரவில்லை.

வந்த ஆளைப் பற்றி அவளால் பெரிதாகக் குறை சொல்ல முடியவில்லை. பொய் சொல்லி லீவு போடுவது நின்றது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாத்திரம் கழுவ அவரே போனார். அவள் தைத்துவிட்டுக் கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், கேட்காமலே வெந்நீர் வைத்தார். சொல்லக்கூடிய ஒரே குறை, பாட ஆரம்பித்தார். சுருதி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாத குரல் அது. இயேசுவுக்கு எவ்வளவு பொறுமை இருந்தால் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று அவள் பலமுறை வியந்திருக்கிறாள்.

ஊருக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை. ஞானஸ்நானம் எடுத்த சேதி பரவியதும் வீட்டின் சொந்தக்காரர், "பையனுக்கு வீடு தேவைப்படுது" என்று காலி செய்யச் சொன்னார். அவருக்குப் பையனே கிடையாது. அடுத்துப் போன வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி, துணி காயப்போடும் கயிற்றைக் கழற்றி அந்தப் பக்கமாகத் தள்ளிக் கட்டிக்கொண்டாள். கடையில் ஒரு வாடிக்கையாளர், அந்த வீட்டில் தைத்தது என்றால் எனக்கு வேண்டாம் என்று ஜன்னல் திரையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அது முழுக்கக் கைத்தையல், பிசிறு இல்லாத வேலை. "ஜெபம் பண்றது நீங்க, வாங்கிக் கட்டிக்கிறது நானா?" என்று அன்றைக்கு அவள் ஆடித் தீர்த்தாள். அவர் மறுத்துப் பேசவில்லை. "பாவம் நீ" என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்த திரையை மடித்து, தலைமாட்டில் பத்திரமாக வைத்தார்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது அண்ணன் விஷயம்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட வீட்டில் அவளை வளர்த்து ஆளாக்கியவர் அண்ணன். சடை பின்னத் தெரியாது, ஆனாலும் பின்னிவிடுவார். அது பாதி வழியில் அவிழ்ந்துவிடும். என்றைக்காவது முட்டை அவித்தால், வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சள் கருவை அவள் தட்டில் உருட்டிவிடுவார். "எனக்கு மஞ்சள் கரு பிடிக்காது குட்டி, குமட்டும்" என்பார். அவள் அதை அப்படியே நம்பி வளர்ந்தாள். அண்ணனுக்குக் கல்யாணமான பிறகு அண்ணி ஒருநாள் பேச்சுவாக்கில், "உங்க அண்ணனுக்கு மஞ்சள் கருன்னா உயிர், வெள்ளையை எல்லாம் எனக்குத் தள்ளிடுவாரு" என்றாள். அன்றைக்கு அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அண்ணனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு வெட்கமாகிவிடும்.

அந்த அண்ணன்தான் பணிமனையில் ஃபோர்மேன். தங்கை வீட்டுக்காரரை அங்கே மெக்கானிக்காகச் சேர்த்துவிட்டவரும் அவரே. ஞானஸ்நானச் சேதி அவருக்கு மூன்றாம் ஆள் வாயால் போய்ச் சேர்ந்தது, அதுதான் வினை. நேரே வீட்டுக்கு வந்தார். அவள் கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலை இல்ல?" என்று தங்கை வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"அது தப்புதான் மச்சான். நான் பயந்துட்டேன். நேர்ல வந்து சொல்லியிருக்கணும்."

"சரி. அப்ப அதை விட்டுடு."

"சொல்லாம விட்டது தப்புன்னு சொல்றேன் மச்சான். எடுத்ததைத் தப்புன்னு சொல்ல முடியாது."

"அப்ப இந்த வாசப்படியை நான் இனிமே மிதிக்க மாட்டேன்" என்று அண்ணன் கிளம்பிவிட்டார். சொன்னதைச் செய்கிற ஆள். வருஷங்கள் ஓடிவிட்டன. பணிமனையில் 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுவதும் நின்று, "ஏய் மெக்கானிக்" என்றாகிவிட்டது. அவளுக்கு அண்ணன் முகம் எப்போதாவது பஸ் நிறுத்தத்தில் கிடைக்கும். வீட்டில் கதவு தட்டும் சத்தம் கேட்டால் இன்னும் அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எழுந்து போவாள். வேறு யாராவதுதான் நிற்பார்கள்.

இந்த ஆற்றாமை எல்லாம் ஒருநாள் வெல்டர் தலையில் விடிந்தது. முட்டைக் களவு அன்றாடம் நடப்பதும், அந்த மனிதர் தன் வீட்டுக்காரரை வாய்க்கு வந்தபடி கேலி செய்வதும் காதில் விழுந்து விழுந்து அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஒரு காலையில் மேல் முட்டையைக் கீறி, உள்ளே மிளகாய்த்தூளைத் திணித்து, கீறல் தெரியாமல் சோற்றில் பதித்து அனுப்பினாள். நாள் முழுக்க அவளுக்குத் தையலே ஓடவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும், "என்ன, உங்க சிநேகிதர் என்ன சொன்னாரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"துப்பலை. முழுசா சாப்பிட்டுட்டாரு. கண்ணுல தண்ணி வந்துச்சு, அப்பவும் சாப்பிட்டாரு." கொஞ்சம் பொறுத்து, "இனிமே அப்படிச் செய்யாதேம்மா" என்றார்.

"எரிஞ்சாத்தான் புத்தி வரும்" என்றாள் அவள். அன்று இரவு அவர் பாடவில்லை. அவளுக்கும் அது என்னவோ போல்தான் இருந்தது, ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள், தைத்த திரைகளைக் கொடுக்கக் கடைக்குப் போனவள், வாசலில் அண்ணன் நிற்பதைப் பார்த்தாள். அவளுக்காகத்தான் காத்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. அவள் கையிலிருந்த மூட்டையைப் பேசாமல் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்கியா குட்டி?"

"இருக்கேண்ணே."

"பாரு, எனக்கும் வயசாகுது. உன் வீட்டுக்கு வரணும்னு இருக்கு. உங்க அண்ணியும் பிடுங்கி எடுக்கறா." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவன் எதை நம்பினாலும் நம்பிட்டுப் போகட்டும். மனசுக்குள்ள வெச்சுக்கட்டும், மாடி ரூமுக்குப் போகட்டும், நான் கேட்கலை. சாப்பாட்டு மேசைல கண்ணை மூடறான் பாரு, அதை மட்டும் விடச் சொல்லு. தினம் நான் கண்ணாடி ரூம்ல உட்கார்ந்து அதைப் பார்க்கணும். ஃபோர்மேன் தங்கச்சி வீட்டுக்காரன் டப்பாவில எவன் எவனோ கை விட்டுத் தின்கிறான், இவன் சிலையாட்டம் உட்கார்ந்திருக்கான். எல்லாரும் சிரிக்கிறாங்க. முகத்துல கரி பூசினது மாதிரி இருக்கு. அந்த ஒண்ணை விட்டுட்டா, அன்னிக்குச் சாயங்காலமே உன் வீட்டுல வந்து சாப்பிடறேன்."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எவ்வளவு சின்ன விஷயம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும், அண்ணன் வந்துவிடுவார். அன்று வழக்கத்துக்கு மேல் நன்றாகச் சமைத்து, வீட்டுக்காரர் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, விஷயத்தைச் சொன்னாள்.

அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "கண்ணைத் திறந்துக்கிட்டே ஜெபம் பண்ணலாம்தான். ஆண்டவர் வேண்டாம்னு சொல்ல மாட்டார்" என்றார்.

"அப்புறம் என்ன?"

"ஆனா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"ஆனா என்ன?"

"ஒண்ணுமில்லை. கொஞ்சம் யோசிக்கிறேன்."

"என்ன யோசனை? எங்க அண்ணனை விடவா உங்களுக்கு அந்த மேசை பெரிசு?" அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "நான் உங்ககிட்ட இதுவரைக்கும் எதையாவது விடுங்கன்னு கேட்டிருக்கேனா? பாட்டைக்கூட விடச் சொல்லலையே. ஊரே ஒதுக்கினப்போ கூட நின்னேன். இந்த ஒண்ணே ஒண்ணு."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனால் சரி என்ற வார்த்தை வரவில்லை. பிடிவாதம், வேறென்ன என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் நல்ல மழை. வழியில் நின்றுபோன ஒரு பேருந்தைச் சரி செய்யப் போய், தொப்பலாக நனைந்து வந்தார். அதோடு காய்ச்சல். நினைவு தப்பிப் பிதற்றுகிற அளவுக்குக் காய்ச்சல். அவள் ஊசியைத் தொடாமல் பக்கத்திலேயே இருந்தாள். கொஞ்சம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "டப்பா அனுப்பினியா?" என்பது.

"எந்த டப்பா? நீங்கதான் இங்க படுத்துக் கிடக்கறீங்களே."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "இன்னிக்கு ஒரு நடை கொண்டுபோய் மேசைல வெச்சுட்டு வந்துடும்மா. வழக்கம் போலவே. முட்டையும் வெச்சு."

"உங்களைக் கேலி பண்றவங்களுக்கு நான் சமைச்சுக் கொண்டுபோய்க் கொட்டணுமா? காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சா?"

"எனக்காக" என்றார். அவர் தனக்கென்று எதையும் கேட்கிற ஆளே இல்லை. அவளால் மறுக்க முடியவில்லை. சரி, போகிறதுதான் போகிறோம், அந்த வெல்டரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம் என்று முட்டையை வேகவைத்தாள். வழியெல்லாம் அந்த நாலு கேள்வியை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பணிமனையில் டீசல் நெடியும், சூடான இரும்பின் வாசனையும் கலந்து அடித்தது. காவலாளிக்கு அவள் ஃபோர்மேன் தங்கை என்று தெரியும், உள்ளே விட்டார். மணி அடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசையின் கோடியில், நாலு படி ஏறினால் அண்ணனின் கண்ணாடி அறை. அங்கே உட்கார்ந்தால் மேசை முழுக்கத் தெரியும். அண்ணன் டீ டம்ளரோடு உள்ளே இருந்தார். அவளைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அக்கா, எப்படி இருக்காரு?" என்று டயர்க்காரர் எழுந்து கேட்டார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். நேர் எதிரே வெல்டர். கேலி வாய் இன்று மூடியிருந்தது. தன் டப்பாவைத் திறந்து, மூடியைச் செங்குத்தாக முன்னால் நிறுத்தி மறைத்துக்கொண்டு, குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் தன் டப்பாவைத் திறந்து வைத்தாள். வெள்ளையாக இரண்டு முட்டை மேலே இருந்தது. எதிரில் ஒரு பார்வை வந்து, உடனே கீழே போனது. யாரும் கை நீட்டவில்லை. "கண்மூடி இல்லாம எப்படிப்பா எடுக்கறது?" என்று பெயின்டர் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

இதுதான் சமயம் என்று அவள் வாயைத் திறந்தாள். அப்போது அந்தச் சத்தம் காதில் விழுந்தது. வெல்டரின் டப்பாவுக்குள் ஸ்பூன் சுரண்டும் சத்தம். சோறு இருக்கிற பாத்திரத்தில் ஸ்பூன் அப்படிக் கீச்சிடாது. சமைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும், அது வெறும் பாத்திரத்தின் சத்தம். தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து ஒரு எட்டு நகர்ந்து பார்த்தாள். டப்பா பளிச்சென்று கழுவியிருந்தது. ஒரு பருக்கை இல்லை. அவர் ஒன்றுமில்லாத ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனார், மென்றார், மறுபடி சுரண்டினார்.

அவள் போன வேகத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தாள். வெல்டரின் மனைவி ரொம்ப நாளாகப் படுக்கையில் கிடக்கிறாள், வீட்டில் பிள்ளைகள் அதிகம் என்று எப்போதோ வீட்டுக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. இருப்பதை எல்லாம் வீட்டில் வைத்துவிட்டு, ஊர் வாய்க்குப் பயந்து காலி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிற மனிதர். மிளகாய் முட்டையை ஏன் துப்பவில்லை என்று இப்போது தெரிந்தது. விளையாட்டுக்கு எடுத்தவன் துப்பியிருப்பான். பாவி, நான் பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நேற்று டப்பா வரவில்லை. நேற்று இந்த ஆள் என்ன சாப்பிட்டிருப்பார்?

முட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடலாமா என்று நினைத்தாள். கொடுத்தால் வாங்க மாட்டார். வயிறு நிறைஞ்சிருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போவார், நாளையிலிருந்து மேசைக்கே வர மாட்டார். அவர் மானத்தோடு சாப்பிட இந்த ஊரில் ஒரே வழிதான் இருந்தது. யாராவது கண்ணை மூட வேண்டும், இவர் திருட வேண்டும், எல்லோரும் சிரிக்க வேண்டும். வீட்டுக்காரர் சொல்லாமல் விழுங்கிய அந்த 'ஆனா' எதிரே உட்கார்ந்து வெறும் ஸ்பூனை மென்றுகொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடும் சாயங்காலம் இன்னும் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு நிமிஷம் அந்த நரைத்த தலையை ஆசை தீரப் பார்த்தாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

மூடிய பிறகுதான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவள் அந்தப் பழக்கம் இல்லாதவள். 'நீங்க என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சவரு. எனக்கு உங்ககிட்டப் பேசத் தெரியாது. இந்த மனுஷன் கூச்சப்படாம எடுத்துக்கட்டும். அவ்வளவுதான்' என்று மனசுக்குள் சொன்னாள். மேசை அமைதியாக இருந்தது. பிறகு எதிரிலிருந்து, "பாருங்கப்பா, வீட்டம்மாவும் கண்மூடி ஆயிட்டாங்க" என்று அந்தக் கேலிக் குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அடியில் அவள் டப்பா மேசை மேல் மெல்ல நகர்ந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. எதிரே ஸ்பூன் சத்தம் மாறும் வரை, சுரண்டுகிற சத்தம் போய்ச் சாப்பிடுகிற சத்தம் வரும் வரை, பொறுத்திருந்தாள்.

கண்ணைத் திறந்தபோது முட்டை இரண்டும் இல்லை, சோறும் பாதி இல்லை. வெல்டர் மூடிக்குப் பின்னால் குனிந்திருந்தார். "இன்னிக்கு உப்பு கம்மி" என்றார், நிமிராமல்.

"நாளைக்குச் சரியாப் போடறேன்" என்றாள் அவள்.

வாசலில் அண்ணன் வழிமறித்தார். முகம் சிவந்திருந்தது. "நீயுமா குட்டி? நான் அவ்வளவு சொல்லியும், என் கண்ணு முன்னாடியே?"

"அண்ணே, நான் சபையில எல்லாம் சேரலை. ஆனா..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் சொல்ல அது அவளுடைய ரகசியம் இல்லை. நிறுத்திக்கொண்டாள். அண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். அவள் வீடு வரை அழுதுகொண்டே போனாள்.

கட்டிலில் கிடந்தவர், "சாப்பிட்டாரா?" என்றுதான் கேட்டார். யார் என்று சொல்லவில்லை. அவளும் யார் என்று கேட்கவில்லை.

"சாப்பிட்டாரு." டப்பாவைக் கீழே வைத்தாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"என் விஷயமா இருந்தா சொல்லியிருப்பேன்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இன்ஜின் சத்தத்தைக் கேட்டே பொழைக்கிறவன் நான். கண்ணை மூடியிருந்தா காது இன்னும் நல்லாக் கேட்கும்."

"அப்ப நீங்க ஜெபம் பண்ணலையா? சும்மா மூடிக்கிட்டு இருந்தீங்களா?"

"ஜெபம்தான் பண்றேன். எனக்கும் அவருக்கும் சேர்த்து இன்னிக்குச் சாப்பாடு குடுங்கன்னு கேட்கிறேன். கேட்டது அவர் டப்பாவுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நான் கண்ணைத் திறந்துட்டா எப்படி?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "மிளகாய் வெச்சேனே."

"தண்ணி குடிச்சாரு, சரியாப் போச்சு."

"அண்ணன் பார்த்துட்டாரு. இனிமே வரமாட்டாரு."

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். அவள் தலையில் கை வைத்து, வைத்தபடியே இருந்தார். "என்னால உனக்கு எத்தனை இழப்பு" என்றார் கடைசியில். "சும்மா படுங்க, கஞ்சி ஆறுது" என்று அவள் எழுந்து போனாள்.

அவர் தேறி வேலைக்குப் போனார். அவள் பெரிய டப்பா ஒன்று வாங்கினாள். உப்பைச் சரியாகப் போட்டாள். முட்டையை எண்ணுவதில்லை. கயிற்றைத் தள்ளிக் கட்டியவள் அப்படியேதான் இருந்தாள், வெல்டரும் அப்படியேதான் கேலி செய்துகொண்டிருந்தார். கதவு தட்டினால் அவள் மெஷினை நிறுத்துவதும் நிற்கவில்லை. வேறு யாராவதுதான் வந்தார்கள்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். "இன்னிக்கு உங்க அண்ணன் கண்ணாடி ரூம்ல சாப்பிடலை. டப்பாவை எடுத்துக்கிட்டுக் கீழே மேசைக்கு வந்துட்டாரு. எல்லாரும் விறைச்சுப் போயிட்டோம்."

அவள் கை மெஷின் சக்கரத்தில் அப்படியே நின்றது. "அய்யோ. நீங்க கண்ணை மூடினீங்களா?"

"மூடினேன். என்ன ஆகப் போகுதோன்னு பயமாத்தான் இருந்துச்சு. ஒரு நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம்தான் டயர்க்காரர் சொன்னாரு, உங்க அண்ணன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவத்தைப் பார்த்து உட்கார்ந்துக்கிட்டாராம். நான் கண்ணைத் திறக்கிற வரைக்கும் திரும்பவே இல்லையாம்." கொஞ்சம் யோசித்தார். "அந்த ரூம்லேர்ந்து பார்த்தா எல்லார் டப்பாவும் தெரியும். இத்தனை நாளா என் மூஞ்சியை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்திருப்பாரு. நீ வந்துட்டுப் போன பிறகு மத்ததையும் பார்த்திருக்காரு போல."

அவள் மெஷினை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

"கிளம்பறப்போ என் டப்பாவை வாங்கி உள்ளே எதையோ வெச்சு மூடினாரு. 'எனக்கு மஞ்சள் கரு பிடிக்காது, வீட்டுல குடுத்துடு மாப்பிள்ளை'ன்னாரு. ஏம்மா, அவருக்கு மஞ்சள் கரு பிடிக்காதா என்ன?"

அவள் டப்பாவை வாங்கித் திறந்தாள். காகிதத்தில் மடித்து, உடையாமல், முழுசாக ஒரு மஞ்சள் கரு இருந்தது.

"பிடிக்காது" என்றாள். "சின்ன வயசுலேர்ந்தே அவருக்குப் பிடிக்காது."

சொல்லிவிட்டு, முகம் தெரியாமல் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அதைத் தின்றாள்.